அந்த 4 எங்கிருந்து வந்தது?

விஞ்ஞானிகளுக்கும் பொறியாளர்களுக்கும் நடக்கும் திட்ட மேலாண்மைப் பயிற்சிகளில், வேலைக்கு ஆகும் காலத்தைக் கணிக்கும் ‘பெர்ட்’ கணக்கு தப்பாமல் வரும். ஒரு வேலைக்கு மூன்று கால அளவு கேட்பார்கள்: எல்லாம் கூடிவந்தால் எவ்வளவு, வழக்கமாக எவ்வளவு, எல்லாமே சொதப்பினால் எவ்வளவு? வெற்றிடக் கலம் ஒன்றைப் பொருத்திச் சோதிக்க 4 வாரம், 6 வாரம், 20 வாரம் என்று வையுங்கள். நடு எண்ணை 4ஆல் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, 6ஆல் வகுத்தால் 8 வாரம். பயிற்சி தருபவர் அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுவார்.

எனக்கு அந்த 4 உறுத்தியது. ஏன் 3 இல்லை, 5 இல்லை? பாடப்புத்தகங்கள் சூத்திரத்தோடு நின்றுவிடுகின்றன. அடிக்குறிப்புகளைப் பிடித்துப் பின்னோக்கிப் போனால், 1959இல் ‘ஆபரேஷன்ஸ் ரிசர்ச்’ இதழில் மால்கம், ரோஸ்பூம், கிளார்க், ஃபசார் ஆகிய நால்வர் எழுதிய கட்டுரையில் போய் நிற்கிறோம். நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து ஏவும் போலாரிஸ் ஏவுகணையை அமெரிக்கக் கடற்படை உருவாக்கிக்கொண்டிருந்த நேரம் அது. பெரும்பாலும் புதிய ஆராய்ச்சி வேலைகள். பழைய கணக்கைப் பார்த்து நாள் குறிக்க வழியில்லை; அதற்காகத்தான் பெர்ட் வந்தது.

4க்கான விளக்கத்தை, அந்த நால்வரில் ஒருவரான கிளார்க் 1962இல் எழுதிய சிறு குறிப்பில் பார்த்தேன். மிகக் குறைந்த காலத்துக்கும் மிக அதிகக் காலத்துக்கும் உள்ள இடைவெளியில் ஆறில் ஒரு பங்குதான் திட்டவிலக்கம் என்று வைத்துக்கொள்கிறார். கணக்குக்கு வசதியாகப் பீட்டா பரவலை எடுக்கிறார். இரண்டையும் சேர்த்துத் தோராயமாக்கினால் 4 வந்து விழுகிறது. வேலைகளுக்கு ஆகும் காலம் உண்மையில் எப்படிப் பரவியிருக்கும் என்பதற்குத் தன்னிடம் தகவல் இல்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. ஆக, யாரும் அளந்து எடுத்த எண் அல்ல அது.

அப்படியானால் மூன்று எண் எதற்கு? 1959 கட்டுரையிலேயே காரணம் இருக்கிறது. பொறியாளர் மனதில் ஏற்கெனவே நடப்பிலுள்ள அட்டவணை பதிந்திருக்கும். வீச்சைக் கேட்டால் அதிலிருந்து விலகி, வேலையில் உள்ள சிக்கலைச் சொல்வார் என்று எதிர்பார்த்தார்கள்.

1960 ஜூலை 20 அன்று, கடலுக்கடியில் இருந்த ‘ஜார்ஜ் வாஷிங்டன்’ கப்பலிலிருந்து போலாரிஸ் சீறிக் கிளம்பியது. பெர்ட்டின் புகழும் கூடவே ஏறியது. ஆனால் 1972இல் போலாரிஸ் வரலாற்றை எழுதிய ஹார்வி சபோல்ஸ்கியின் முடிவு வேறு: தொழில்நுட்பக் குழுக்கள் பெர்ட்டை அவ்வளவாக நம்பி இருக்கவில்லை, வெளியார் தலையீட்டைத் தடுக்கும் கேடயமாகவே அது அதிகம் உதவியது.

இன்று 4ஆல் பெருக்குவதை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். ‘ஏன் 20 வாரம்?’ என்று அதற்குக் கேட்கத் தெரியாது. கேட்டால்தான், பம்ப் சுங்கத்தில் சிக்கலாம், வெல்டிங்கில் கசிவு இருக்கலாம், அதைச் சரிசெய்யத் தெரிந்தவர் ஒருவர்தான் என்பதெல்லாம் வெளியே வரும். பயிற்சியில் 8க்கு ஒதுக்கும் நேரத்தை அந்த 20க்கு ஒதுக்கலாம்.