தொண்டையில் ஒரு சிறு கல்

பதினைந்து ஆண்டுகளாக, மார்கழி விடியலில் எங்கள் ஊர்ச் சிவன் கோயில் மண்டபத்தில் திருவெம்பாவை பாடுவோருள் அடியேனும் ஒருவன். சென்ற ஆண்டு மார்கழி முதல் நாளன்று மட்டும் நான் போகவில்லை. தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லியனுப்பினேன். அது பாதி உண்மைதான். மீதியை இப்போது எழுதுகிறேன். என்னைப் போல் வெளியில் சொல்லக் கூசி வருந்தும் ஒருவருக்கேனும் இது பயன்படட்டும்.

ஆவணி மாதத்திலேயே அது தொடங்கிவிட்டது. தொண்டையின் வலப்புறத்தில் வேர்க்கடலைத் தோல் ஒட்டிக்கொண்டதுபோல் ஓர் உறுத்தல். விழுங்கினாலும் போகாது, கனைத்தாலும் வராது. சில நாட்களில் வலக் காதிலும் மெல்லிய வலி. ஒருநாள் காலை இருமியபோது, நொய்யரிசி அளவில், மஞ்சள் படர்ந்த வெண்ணிறத்தில் ஏதோ ஒன்று வாயில் வந்து விழுந்தது. விரலால் நசுக்கினேன். அப்போது எழுந்த துர்நாற்றம் என்னைத் திகைக்க வைத்தது.

அன்று முதல் யாரிடம் பேசினாலும் கை தானாக வாயை மறைத்தது. எங்கள் பேத்திக்கு ஆறு வயது. இரவானால் மடியில் ஏறிக் கதை கேட்பவள், ஒருநாள் முகத்தைச் சுளித்து, “தாத்தா, நீ அந்தப் பக்கம் பார்த்துச் சொல்லு” என்றாள். குழந்தையின்மேல் குற்றமில்லை. ஆனால் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. சந்நிதியில் நின்று பாட இந்த வாய்க்குத் தகுதியில்லை என்ற எண்ணம் மனத்தில் வேரூன்றிவிட்டது.

கோளாறு வயிற்றில்தான் என்று நானே முடிவு செய்தேன். சோமவார விரதத்தோடு வியாழக்கிழமையும் நீர்கூட அருந்தாமல் உபவாசம் இருந்தேன். நாற்றம் குறையவில்லை, கூடியது. கண்ணாடி முன் நின்று தீக்குச்சியால் நெம்பிப் பார்த்தேன். இரத்தம் கசிந்தது. புற்றுநோயாக இருக்குமோ என்று அஞ்சினேனே தவிர, யாரிடமும் வாய் திறக்கவில்லை.

கோயிலுக்குப் போகாத அந்த முதல் நாளில்தான் என் மனைவி கேட்டாள்: “உங்கள் சட்டைப் பையில் தினமும் இரண்டு ஏலக்காய் போட்டு வைக்கிறேனே, எதற்கென்று ஒருநாளாவது கேட்டீர்களா?”

நான் விழித்தேன். “எனக்கும் தெரியும். சொன்னால் மனம் நொந்துபோவீர்களே என்றுதான் சொல்லவில்லை” என்று கண் கலங்கினாள். நான்கு மாதங்களாக நான் மறைத்தேன். அவளும் அறியாதவள்போல் இருந்தாள். ஒரே வீட்டில் இருவரும் தனித்தனியே துன்பப்பட்டிருக்கிறோம்.

மறுநாள் அவளே என்னைக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அழைத்துச் சென்றாள். விளக்கொளியில் பார்த்த மருத்துவர், “சார், இது டான்சில் கல். பலருக்கும் வருவதுதான், பயப்படாதீர்கள்” என்றார். தொண்டையின் இருபுறமும் உள்ள டான்சில் சதை வழுவழுப்பானதன்று. அதில் சிறு சிறு குழிகள் உண்டு. உணவுத் துணுக்குகளும் உதிர்ந்த செல்களும் பாக்டீரியாக்களும் அவற்றில் தங்கி, கால்சியம் உப்புகள் படிந்து இறுகிவிடுகின்றன. காற்றுப் புகாத அந்த இடத்தில் பாக்டீரியாக்கள் கந்தகம் கலந்த வாயுக்களை உண்டாக்குகின்றன. அழுகிய முட்டை போன்ற நாற்றத்துக்குக் காரணம் அதுதான். தொண்டைக்கும் காதுக்கும் உணர்ச்சியைக் கொண்டுசெல்லும் நரம்பு ஒன்றே என்பதால் காதும் வலித்திருக்கிறது.

உபவாசத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் நகைக்கவில்லை. “உமிழ்நீர்தான் வாயைக் கழுவிக்கொண்டே இருக்கிறது. நீர் அருந்தாமல் வாய் உலர்ந்தால் நாற்றம் கூடத்தான் செய்யும்” என்றார். இது பிறருக்குத் தொற்றாது என்றும் சொன்னார். பிறகு ஒரு சிறு கருவியால் இரண்டு கற்களை எடுத்தார். சில நிமிடங்களில் வேலை முடிந்தது. உறுத்தல் ஒரே பக்கம் இருந்ததால் கழுத்தையும் தடவிப் பார்த்து, மூன்று வாரம் கழித்து மீண்டும் வரச் சொன்னார்.

அவர் கூறியவை எளியவை. உணவுக்குப் பின் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பிட்டுத் தொண்டைவரை கொப்பளிக்க வேண்டும். நாக்கை வழித்துச் சுத்தம் செய்ய வேண்டும். அடிக்கடி நீர் அருந்த வேண்டும். தீக்குச்சி, கொண்டை ஊசி போன்றவற்றால் ஒருபோதும் நெம்பக் கூடாது. டான்சிலில் இரத்தக் குழாய்கள் மிகுதி. கற்கள் ஓயாமல் வந்து துன்புறுத்தினால் லேசர் கொண்டு குழிகளைச் சீராக்கலாம். டான்சிலை அகற்றும் அறுவை சிகிச்சை கடைசி வழி. ஒரு பக்க டான்சில் மட்டும் பெருத்தல், இரத்தக் கசிவு, விழுங்குவதில் சிரமம், கழுத்தில் கட்டி, ஆறாத வலி ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் தாமதிக்கக் கூடாது. புகையிலைப் பழக்கம் உள்ளவர்கள் இதில் மேலும் கவனமாக இருக்க வேண்டும்.

திருவாதிரைக்கு முன்பே மண்டபத்துக்குத் திரும்பினேன். வழக்கமான என் இடம் காலியாகவே இருந்தது. அதன் பின்னும் இருமுறை சிறு கற்கள் வந்தன, கொப்பளித்ததில் வெளியேறிவிட்டன. இப்போது அவற்றைக் கண்டு நான் திகைப்பதில்லை. பேத்தியும் பழையபடி மடியேறிக் கதை கேட்கிறாள்.

ஒன்றை மட்டும் வேண்டிக்கொள்கிறேன். உங்கள் வீட்டில் ஒருவர் திடீரென்று கூட்டத்திலிருந்து விலகி நின்றால், வாயை மூடிக்கொண்டு பேசினால், தனியே அழைத்து அன்போடு கேளுங்கள். துன்பப்படுகிறவர் நீங்களாக இருந்தால், வெட்கத்தை விட்டுச் சொல்லுங்கள். உடம்பில் வருவது குற்றமன்று. நான் சில நிமிடங்களில் தீரக்கூடியதை நான்கு மாதங்கள் சுமந்தேன். நீங்கள் சுமக்க வேண்டாம்.