கீரவாணியும் கரகரப்பிரியாவும் ஒன்றா?

தோழர்களே, முதலில் ஒரு விடுகதை. ஏறும், ஏறிக்கொண்டே இருக்கும், இறங்கவே இறங்காது. அது என்ன?

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, தோழி ஒருத்தியின் வீட்டு மொட்டைமாடியில் இதைக் கேட்டபோது "விலைவாசி" என்றார் ஒருவர். "சாதித் திமிர்" என்றார் இன்னொருவர். இரண்டுக்கும் கைதட்டினோம். ஆனால் விடை ஒரு பாட்டு. 1985-இல் வந்த 'சிந்துபைரவி' படத்தின் 'கலைவாணியே'. கல்யாணி ராகத்தில் இளையராஜா அமைத்த மெட்டு. அதில் ஸ்வரங்கள் கீழிருந்து மேலே ஏறும் ஆரோகண வரிசை மட்டும்தான். இறங்கும் அவரோகணம் கிடையாது. விடை தெரிந்த பிறகு செல்போனில் பாட்டைப் போட்டு, எங்காவது இறங்குகிறதா என்று அடி அடியாகச் சோதித்தோம். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துச் சத்தம் போடும்வரை சோதித்தோம்.

இதுதான் எங்கள் பொழுதுபோக்கு. நாங்கள் ஆறு பேர். ஆறு பேரும் அவரவர் குடும்பத்தில் முதல் பட்டதாரிகள். யாரும் பாட்டு வகுப்புக்குப் போனதில்லை. சர்ச் பாடகர் குழுவில் ஒருவர், பறைக்குழுவில் ஒருவர், மற்றவர்களுக்கு அம்மாவின் அடுப்படி ரேடியோதான் குரு. வாரம் முழுக்க மனு எழுதுவது, விடுதிச் சோற்றுப் பிரச்சினைக்கு அலைவது, உதவித்தொகை வராத மாணவர்களோடு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குவது என்று போகும். ஞாயிறு இரவு மட்டும் சங்கீதப் புதிர்.

"பார்ப்பன சபா இசையில் உங்களுக்கு என்னடா புதிர் வேண்டிக்கிடக்கு?" என்று மூத்த தோழர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அதை நாங்கள் தட்டிக்கழிக்கவில்லை. யார் மேடையில் உட்காரலாம், யார் வாசலோடு நிற்க வேண்டும் என்று அந்த இசை காட்டிய கணக்கு எங்களுக்கும் தெரியும். ஆனால் பாபாசாகேப் தன் பிற்காலத்தில் வயலின் கற்றார். கல்லூரியும் சட்டமும் அரசியலும் கற்றதுபோல அதையும் கற்றார். நமக்கு மறுக்கப்பட்டதில் சில அநீதியானவை, அவற்றை உடைக்க வேண்டும். சில அழகானவை, அவற்றை எடுத்துக்கொள்ள வேண்டும். எது எது என்று உள்ளே போய்ப் பார்த்தால்தானே தெரியும்?

உள்ளே போனால் கிடைக்கும் சந்தோஷத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு. பழைய கீபோர்டு ஒன்று எங்களிடம் இருக்கிறது. வெள்ளைக் கட்டைகளைத் தொடாமல் கறுப்புக் கட்டை ஐந்தை மட்டும் வைத்து எத்தனை ராகம் வாசிக்கலாம்? நாங்கள் ஒன்று என்றோம். விடை ஐந்து. மூன்று கறுப்புக் கட்டைகள் சேர்ந்திருக்கும் இடத்தில் முதலாவதை 'ச' என்று வைத்துக்கொண்டால் மோகனம். அடுத்த கட்டையை 'ச' ஆக்கினால் மத்தியமாவதி. அதற்கடுத்தது இந்தோளம். இரட்டைக் கட்டைகளில் முதலாவதிலிருந்து தொடங்கினால் சுத்த சாவேரி, இரண்டாவதிலிருந்து சுத்த தன்யாசி. கட்டைகள் மாறவில்லை. எங்கே நின்றுகொண்டு தொடங்குகிறோம் என்பது மட்டும் மாறியது. சபாக்காரர்கள் இதைக் கிரகபேதம் என்பார்கள். தமிழிசை ஆய்வாளர்கள் பண்ணுப்பெயர்த்தல் என்பார்கள். சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையில் ஏழு பெண்களை வட்டமாக நிறுத்தி குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஒவ்வொருத்திக்கும் ஒரு ஸ்வரத்தின் பெயர் வைக்கிறார்கள். அப்படி நின்று ஆடியவர்கள் மாடு மேய்க்கும் குடியின் பெண்கள்.

இந்தத் தைரியத்தில்தான் ஒரு கல்லூரியில் நடந்த சங்கீத வினாடிவினாப் போட்டிக்கு எங்களில் மூன்று பேர் போனோம். முதல் சுற்றில் சினிமாப் பாட்டு, ராகம் கண்டுபிடிப்பது. தப்பித்தோம். இரண்டாம் சுற்றில் மேளகர்த்தா எண் கேட்டார்கள்.

தெரியாதவர்களுக்காக: 17-ஆம் நூற்றாண்டில் வேங்கடமகி வகுத்த முறையில் 72 தாய் ராகங்கள். அவற்றின் வரிசை எண்ணை ராகத்தின் பெயருக்குள்ளேயே பிற்காலத்தில் ஒளித்து வைத்தார்கள். கடபயாதி என்று பெயர். ஒவ்வொரு மெய்யெழுத்துக்கும் ஓர் எண். பெயரின் முதல் இரண்டு எழுத்துக்குரிய எண்களைத் திருப்பிப் போட்டால் விடை. மாயாமாளவகௌளையில் 'ம' 5, 'ய' 1. ஐம்பத்தொன்றைத் திருப்பினால் 15. அது 15-ஆவது மேளம். சங்கராபரணத்தின் முன்னால் 'தீர' என்று ஒட்டி தீரசங்கராபரணம் ஆக்கியது 29 வர வேண்டும் என்பதற்காகத்தான். புதிர்ப் பைத்தியங்களுக்கு இதைவிட விருந்து உண்டா? எண்கள் இருந்த அட்டவணையை மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தோம்.

எங்களுக்கு வந்த கேள்வி கரகரப்பிரியா. எங்கள் தோழி மனசுக்குள் கணக்குப் போட்டாள். 'க' ஒன்று, 'ர' இரண்டு, திருப்பினால் 21. "இருபத்தொன்று" என்றாள். அரங்கத்தில் லேசான சிரிப்பு. நடத்தியவர் மைக்கைப் பிடித்துக்கொண்டே சொன்னார்: "அது கீரவாணிம்மா. இது இருபத்திரண்டு. யார்கிட்ட பாட்டு கத்துக்கறீங்க?" "ரேடியோ" என்றாள். சிரிப்பு இன்னும் கொஞ்சம் பெரிதானது.

அன்று பேருந்தில் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்து அட்டவணையை மறுபடி விரித்தோம். அப்போதுதான் விளங்கியது. கடபயாதி சமஸ்கிருத எழுத்து வரிசைக்காகச் செய்த பூட்டு. அங்கே 'க' நான்கு. அழுத்தம் மாற மாற 1, 2, 3, 4. கரகரப்பிரியாவின் 'க' இரண்டாவது, அதனால் 22. கீரவாணியின் 'க' முதலாவது, அதனால் 21. தமிழ் எழுத்தில் ஒரே 'க' தான். தமிழில் மட்டும் படித்தவர் எவ்வளவு சரியாகக் கணக்குப் போட்டாலும் இரண்டு ராகமும் ஒரே எண்ணில்தான் போய் முட்டும். தோழியின் கணக்கு தவறவே இல்லை. அவள் கையிலிருந்த எழுத்துக்கு அந்தப் பூட்டில் துளை இல்லை. அரங்கத்தில் சிரித்தவர்கள் இதைத் தெரிந்து சிரிக்கவில்லை. 22 என்று மனப்பாடம் செய்திருந்ததால் சிரித்தார்கள்.

இதைக் கண்டுபிடித்ததும் எங்களுக்குக் கோபத்தைவிட உற்சாகம்தான் அதிகம் வந்தது. தவறான விடைக்குள் இவ்வளவு நல்ல புதிர்! 'தமிழில் எழுதினால் ஒரே எண் வரும் இரண்டு மேளங்கள் எவை?' இது இப்போது எங்கள் கேள்வித்தாளில் நிரந்தரமாக இருக்கிறது.

ஆனால் அந்தக் கோபத்தை நாங்களே இன்னொருவருக்குச் செய்திருந்தோம் என்பது பிறகுதான் புரிந்தது.

அந்த வருடம் ஏழாவது ஆளாக ஒரு தம்பி சேர்ந்தான். பரம்பரையாக மிருதங்கம் கட்டும் வீட்டுப் பையன். கல்லூரி முதலாண்டு. மூன்று ஞாயிறு தொடர்ந்து வந்தான். ராகம் கேட்டால் தெரியாது. இயற்றியவர் பெயர் கேட்டால் தெரியாது. மூன்று வாரமும் பூஜ்யம். நாங்கள் சிரிக்கவில்லை. ஆனால் மதிப்பெண் பலகையில் அவன் பெயருக்கு நேராகப் பூஜ்யம் போட்டது எங்கள் கைதான். நான்காவது வாரம் அவன் வரவில்லை.

வற்புறுத்தி அழைத்து வந்தோம். அன்று பழைய கச்சேரி ஒலிநாடா ஒன்றைப் போட்டு, ராகம் பைரவியா மாஞ்சியா என்று எங்களுக்குள் சண்டை. தம்பி சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டே இருந்தவன், மெல்லச் சொன்னான்: "ஒண்ணரைக் கட்டை சுருதிண்ணே. மிருதங்கத்துல வலந்தலை கொஞ்சம் இறங்கிப்போச்சு. ஈரக்காத்து அடிச்ச நாள் போல." எல்லோரும் நிமிர்ந்து பார்த்தோம். அவன் சொன்னது சரியா என்று சரிபார்க்கும் காது எங்கள் ஒருவருக்கும் இல்லை.

அன்று இரவு அவன் பேசப் பேச நாங்கள் கேட்டோம். பலாமரக் கட்டை. பசுத்தோல், ஆட்டுத்தோல், இழுத்துக் கட்டும் வாருக்கு எருமைத்தோல். வலந்தலையின் நடுவில் கரணை வைக்க, கிட்டான் கல்லை இடித்துச் சலித்த தூளும் குழைந்த சோறும். ஒவ்வொரு பூச்சாகத் தேய்த்துக் காய வைத்துத் தேய்க்க வேண்டும். கல்லாலும் மரக்கட்டையாலும் தட்டித் தட்டி, வட்டம் முழுவதும் ஒரே சுருதி பேசும்வரை விடக் கூடாது. அவன் தாத்தா ஒரு வித்வானின் வீட்டுக் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்துதான் இதைச் செய்வாராம். காபி தனி டம்ளரில் வரும். கட்டி முடித்த மிருதங்கம் பூஜையறைக்குப் போகும். கட்டியவர் கொல்லை வழியாகவே திரும்பிப் போவார்.

இந்தத் தொழிலாளர் குடும்பங்களைப் பற்றி டி.எம்.கிருஷ்ணா 2020-இல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று ஒரு புத்தகமே எழுதினார். அதை எங்களில் இருவர் படித்திருந்தோம். படித்தவர்களே அந்த வீட்டுப் பிள்ளைக்குப் பூஜ்யம் போட்டோம் என்பதை இங்கே சொல்லிவிடுகிறோம்.

அதிலிருந்து கேள்விகளை மாற்றினோம். பழைய கேள்விகளை எறிந்துவிடவில்லை. அவை இன்னும் பிடிக்கும். கூடவே இன்னொரு கேள்வியும் கேட்கிறோம். கோபாலகிருஷ்ண பாரதியின் 'வருகலாமோ' எந்த ராகம்? மாஞ்சி. இதை எந்தப் போட்டியிலும் கேட்பார்கள். அடுத்தது எங்கள் கேள்வி: அனுமதி கேட்பவர் யார், எதற்கு வெளியே நின்று கேட்கிறார்? நந்தனார், கோயிலுக்கு வெளியே. அதற்கடுத்தது: பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில் நந்தனை வாட்டும் வேதியர் பண்ணையார், சேக்கிழாரின் பெரிய புராணத்தில் உண்டா? கிடையாது. அந்தப் பாத்திரத்தை 19-ஆம் நூற்றாண்டில் சேர்த்தவர் பாரதியார், பிறப்பால் அவரே ஒரு பிராமணர். ஏன் சேர்த்தார் என்று இரண்டு ஞாயிறு விவாதித்தோம். மூன்று சிறு கேள்வியில் ஒரு நூற்றாண்டின் பண்ணையடிமை முறையே வந்து உட்கார்ந்துகொண்டது.

பிறகு ஒருமுறை, பார்வையாளர்களும் கேள்வி கேட்கலாம் என்று அறிவித்த ஒரு புதிர் மாலைக்குத் தம்பியோடு போனோம். அவன் எழுந்து கேட்டான்: "ஒரு மிருதங்கத்துல எத்தனை விலங்கோட தோல் இருக்கு?" அரங்கம் அமைதி. நாற்பது வருடக் கச்சேரி கேட்டவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "இது சங்கீதக் கேள்வியில்லையே, தொழில் சம்பந்தப்பட்டது. அடுத்ததுக்குப் போவோம்" என்றார் நடத்தியவர். தம்பி உட்காரவில்லை. "மூணு சார்" என்று விடையையும் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தான். வெளியே வரும்போது ஒரு முதியவர் அவனை நிறுத்தி, கரணைக்கு என்ன சேர்ப்பார்கள் என்று விசாரித்தார். பத்து நிமிடம் பேசிக்கொண்டிருந்தார்கள். அவ்வளவுதான் நடந்தது. அடுத்த வருடமும் போவோம்.

தோழர்களே, அறிவு எது என்று முடிவுசெய்வது விடை சொல்பவர் அல்ல, கேள்வி போடுபவர். நுழைவுத்தேர்விலும் நேர்காணலிலும் நாம் படும் பாடு இதுதான். அதற்காக விளையாட்டை விட்டு வெளியேற வேண்டாம். ஐந்து கட்டையும் நம் கைக்கும் எட்டும். 'ச' எங்கே வைப்பது என்பதை நாமும் தீர்மானிப்போம். உங்கள் தெருவில் தோல் பதனிடுபவரிடமும் பறை காய்ச்சுபவரிடமும் நாயனம் கடைபவரிடமும் ஒப்பாரி பாடும் பாட்டியிடமும் போய் உட்காருங்கள். ஆளுக்குப் பத்துக் கேள்வியாவது கொண்டுவரலாம்.

போன ஞாயிறு கேள்வி போடும் முறை தம்பியுடையது. தன் அப்பாவின் பட்டறையில் பதிவுசெய்த இரண்டு தட்டுகளைப் போட்டுக் காட்டினான். இரண்டில் எது சுருதி சேர்ந்தது, எது சேரவில்லை? காதைத் தீட்டிக்கொண்டு கேட்டோம். மூன்று முறை போடச் சொன்னோம். ஆறு பேரும் ஒரே குரலில் முதலாவது என்றோம்.

இரண்டாவதாம். ஆறு பேருக்கும் பூஜ்யம். பலகையில் தம்பிதான் போட்டான், ஒவ்வொன்றாக, நிதானமாக.

ஜெய் பீம்.