ஆட்டத்தின் விதியும் ஏட்டின் வடிவமும்

விளையாட்டு என்பது விதியினால் உயிர்வாழ்வது. காய் தொலைந்தாற் கூழாங்கல்லை வைத்து ஆடலாம். பலகை இல்லையேல் கரித்துண்டினாற் தரையிற் கோடு கீறிக்கொள்ளலாம். விதி மறந்துபோயின் ஆட்டமே இல்லை. தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து மலையகத் தோட்டங்களுக்கு வந்த மக்களின் ஆடுபுலி ஆட்டம், தாயம், பல்லாங்குழி முதலியவற்றுக்கு அச்சிட்ட விதிநூல் தேவைப்பட்டதில்லை. லயத்து இஸ்தோப்பே பலகையாகவும் மூத்தோர் நினைவே நூலாகவும் இருந்தன.

நினைவு என்னும் நூலுக்கு ஒரு குறையுண்டு. மக்கள் ஓரிடத்திற் கூடி வாழும்வரையே அது நிலைக்கும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அன்று நேர்ந்த உயிரிழப்போடு வேறெதனையும் ஒப்பிடுதல் தகாது. ஆயினும், பக்கத்துக் காம்பராக்களில் வாழ்ந்தோர் வெவ்வேறிடங்களுக்குச் செல்ல நேரிடுகையில், அவர்கள் கூட்டாக நினைவில் வைத்திருந்தவையும் கலைந்துபோகின்றன என்பதை மறுத்தற்கில்லை. பாட்டும் கூத்தும் போலவே ஆட்டமும் அவற்றுள் ஒன்று.

இத்தகைய ஊரொன்றைச் சேர்ந்த மாணவன் ஒருவன், மூத்தோரிடம் கேட்டறிந்த ஆட்டவிதிகளைத் தொகுத்துக் கணினிவழி வெளியிட முற்படுகிறான் எனக் கொள்வோம். எந்தக் கோப்பு வடிவில் வெளியிடுவது என்பதே அவன் முதலில் எதிர்கொள்ளும் வினா. இது வெறும் தொழினுட்ப வினாப்போலத் தோன்றும். உண்மையில், இந்நூல் யாருக்காக என்ற வினாவே அதனுள் மறைந்திருக்கிறது.

பலரும் முதலில் நாடுவது பீ.டி.எஃப் வடிவமாகும். அடோபி நிறுவனம் 1993இல் வெளியிட்ட இவ்வடிவம் 2008இற் சர்வதேச நியமமாயிற்று. எக்கணினியில் திறப்பினும் பக்கம் குலையாது என்பது அதன் சிறப்பு. விதிநூலுக்கு இச்சிறப்பு இன்றியமையாதது. ஏனெனில், பலகையின் கோடு சற்றுப் பிசகினும் ஆட்டம் பிழைத்துவிடும். என்றி பார்க்கர் 1909இல் வெளியிட்ட பண்டைய இலங்கை பற்றிய ஆங்கில நூலில் இந்நாட்டு ஆட்டங்களைப் பலகைப் படங்களோடு பதிந்துவைத்தார். சொல்லால் விளக்க அரியதைப் படம் ஒரு நொடியில் உணர்த்துவதை அங்கே காணலாம்.

ஆயின், தோட்டத்து இளைஞர் பலர் வாசிப்பது கைத்தொலைபேசியில். பெரிய தாளுக்கென அமைந்த பக்கத்தை உள்ளங்கையளவு திரையில் இடமும் வலமும் இழுத்து வாசிப்பது எளிதன்று. தமிழுக்கு வேறோர் இடரும் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சிட்ட கோப்பில், கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது கணினிக்கு ஆங்கில எழுத்துகளின் குவியலே. யூனிகோட் எழுத்தில் ஆக்கிய பீ.டி.எஃப் கோப்பிலும், படியெடுக்கும்போது கொம்பும் காலும் இடம்மாறி 'கோட்டை' என்ற சொல் தேடினாற் கிட்டாமற் போவதுண்டு. பார்வையற்றோருக்கு வாசித்துக்காட்டும் மென்பொருளும் அங்கே தடுமாறும்.

மின்னூலுக்கென 2007இல் நியமமான இபப் வடிவம் திரைக்கேற்ப வரிகளை மடித்துக்கொள்ளும், எழுத்தையும் பெரிதாக்கலாம். ஆனால், 'மேலுள்ள படத்திற் காட்டியவாறு' என்று விதி கூறும்போது அப்படம் முந்திய திரைக்குப் போயிருக்கும். ஆட்டத்தின் நடுவே ஐயம் தீர்க்க நூலைப் புரட்டுவோனுக்கு இது தொல்லையாகும்.

இவற்றினும் ஆழமான சிக்கல் ஒன்றுண்டு. ஆடுபுலி ஆட்டத்தில் 3 புலிகளும் 15 ஆடுகளும் என்பதே பெருவழக்கு. எனினும், எத்தனை ஆடுகளை வெட்டினாற் புலிக்கு வெற்றி என்பது இடத்துக்கிடம் வேறுபடும். ஆடத் தொடங்குமுன் இருவரும் பேசி இணங்குவதே மரபு. மாற்றவியலாத கோப்பொன்று ஒரு தோட்டத்தின் வழக்கை எல்லாருக்குமான சட்டமாக்கிவிடுகிறது; அச்சேறியதே சரி என்ற எண்ணம் ஏனைய வழக்குகளை மௌனமாக அழித்துவிடும். மேனாட்டிலும் இவ்வேறுபாடு உணரப்பட்டது. 'டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தின் அடிப்படை விதிகள் 2000இற் பிறரும் எடுத்தாளும் உரிமையோடு வெளியானபோது, திருத்தத்தக்க உரைக்கோப்புகளாகவே வழங்கப்பட்டன. 2023இல் அவ்விதிகளின் பிந்திய பதிப்பு பீ.டி.எஃப் ஆக வந்தபோது, ஆர்வலர் அதனை மீண்டும் உரையாக மாற்ற உழைக்கவேண்டியதாயிற்று.

யாரும் திருத்தலாம் எனின் எதனை நம்புவது என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஒவ்வொரு வழக்கின் கீழும் அது எந்தத் தோட்டத்தில், எந்த ஆண்டிற் கேட்டறியப்பட்டது என்று குறித்துவைப்பதே அதற்கு விடை. அப்போது வேறுபாடு பிழையாகாது; சான்றாகும்.

எனவே, அம்மாணவன் ஒரு வடிவத்தைத் தேர்ந்து மற்றதைத் தள்ளவேண்டியதில்லை. யூனிகோட் எழுத்திலமைந்த எளிய உரைக்கோப்பு மூலமாக இருக்கட்டும். பலகைகள் தனிக் கோட்டுப்படங்களாக இருக்கட்டும். அம்மூலத்திலிருந்து அச்சிடுவோர்க்குப் பீ.டி.எஃப் வடிவையும் கைத்தொலைபேசியில் வாசிப்போர்க்கு இபப் வடிவையும் ஆக்கிக்கொள்ளலாம். 2013இலே தொடங்கிய 'ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ்' திட்டம் ஒரே நூலைப் பல வடிவங்களில் வழங்கி இதற்கு வழிகாட்டியுள்ளது. வெளியிடுவோர் மறக்கக்கூடாதது ஒன்றே: அம்மூலத்தையும் சேர்த்தே வழங்கவேண்டும். வேறொரு தோட்டத்துப் பெண்ணொருத்தி அதனைத் திறந்து, தன் பாட்டி ஆடிய முறை வேறென்று கண்டு, அதற்கென ஒரு வரியைச் சேர்க்க முடியுமாயின், இஸ்தோப்பில் நடந்த அந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை எனலாம்.