கைதட்டலுக்கு முன்னால்

டிசம்பர் 3, 2024, செவ்வாய்

மாற்றுத்திறனாளிகள் தினம். காலையிலிருந்து வாட்ஸ்அப் முழுக்க வாழ்த்து. விழா 10 மணிக்கு என்றார்கள். சிறப்பு விருந்தினர் வந்தது பன்னிரண்டரைக்கு. அத்தனை பிள்ளைகளும் முகத்தில் பவுடரோடு காத்துக் கிடந்தார்கள். எங்கள் சின்னவனுக்குப் பூ வேடம். வீல்சேருக்கும் சேர்த்து இதழ் ஒட்டியிருந்தார்கள். மேடையில் இரண்டு நிமிடம் நிறுத்தி, போட்டோ எடுத்து, இறக்கிவிட்டார்கள்.

அவனுக்குப் பாட்டுக் கேட்கப் பிடிக்கும். அதற்கு யாரும் கூப்பிடுவதில்லை. மேடையேற்றிப் பார்ப்பதற்கு மட்டும் கூப்பிடுகிறார்கள்.

டிசம்பர் 6, வெள்ளி

சங்கீத சீசன் அட்டவணை பேப்பரோடு வந்துவிட்டது. அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பென்சிலில் டிக் அடிக்கிறார். போகப்போவதில்லை என்று தெரிந்தே அடிக்கிறார். சின்னவன் பிறந்த வருஷத்தோடு போவது நின்றது. அதற்கு முன்னால் மத்தியானக் கச்சேரியில் உட்கார்ந்தால், கேன்டீனில் ரவா தோசை, அப்புறம் ராத்திரிக் கச்சேரி, மங்களம் பாடித்தான் வீடு. கேட்டால், "அதான் யூடியூப்ல வருதேம்மா" என்கிறார்.

இடுப்பு வலி. இடது பக்கம். சின்னவன் இப்போது 22 கிலோ.

டிசம்பர் 8, ஞாயிறு

அத்தையையும் சின்னவனையும் கூட்டிப்போகலாமா என்று சபாக்களுக்கு போன். "படி இருக்கா?" "ஆறேழு இருக்கும் மேடம். நம்ம பசங்க தூக்கி விட்டுடுவாங்க." நல்ல மனசுதான். அக்குளில் அந்நியக் கை பட்டால் அவன் உடம்பு விறைத்துப் பின்னால் வளையும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

இன்னொரு இடத்தில் ரேம்ப் இருக்கிறது என்றார்கள். இவர் ஸ்கூட்டரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஸ்பீக்கர் பெட்டி ஏற்றப் போட்ட பலகை. ஒரு அடி உயரம் ஏற 12 அடி நீளம் வேண்டும், அங்கே மூன்றடிகூட இல்லையாம்.

கழிவறை பற்றிக் கேட்டேன். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு டயபர் மாற்றப் படுக்க வைக்க இடம் வேண்டும் என்றேன். எதிர்முனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "பாத்துச் சொல்றோம்."

டிசம்பர் 10, செவ்வாய்

இவர் சட்டத்தைத் தேடி எடுத்து வாசித்தார். 2016-ஆம் வருஷத்துச் சட்டம், பிரிவு 29. பண்பாடும் பொழுதுபோக்கும். கலையை மாற்றுத்திறனாளிகள் அணுகும்படி செய்ய வேண்டும், நடனம், ஓவிய வகுப்புகளில் சேர வழி செய்ய வேண்டும், எல்லாம் இருக்கிறது. போன மாதம் 8-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், பொது இடங்களுக்கான அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாய விதி வேண்டும், மூன்று மாதத்துக்குள் கொண்டுவா என்று மத்திய அரசிடம் சொல்லியிருக்கிறது. வழக்குப் போட்ட ராஜீவ் ரதூரி பார்வையற்றவர். போட்டது 2005-ல். எங்கள் பெரியவள்கூட அப்போது பிறக்கவில்லை.

கேட்கும்போது தெம்பாகத்தான் இருந்தது. பாத்திரம் தேய்க்கும்போது இறங்கிவிட்டது. படி அங்கேயேதான் இருக்கிறது.

டிசம்பர் 12, வியாழன்

மழை. பள்ளி விடுமுறை. குளிரில் அவன் கால் இரண்டும் கட்டை. ஸ்ப்ளின்ட் போட விடவில்லை. நானும் அழுதேன், அவனும் அழுதான். மெரினா போகணும் என்று பெரியவள் ஒரே பிடிவாதம். இந்த மழையிலா?

2022-ல் அங்கே மரப்பாதை போட்டார்கள். 263 மீட்டர். அதில்தான் முதல் தடவை அவன் கடலுக்குப் பக்கத்தில் போனான். இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயல் பிய்த்துப் போட்டது. திரும்பவும் கட்டினார்கள். அதை மட்டும் மறக்கவே மாட்டேன். திரும்பவும் கட்டினார்கள்.

டிசம்பர் 15, ஞாயிறு

போய்விட்டோம்! மத்தியானம் 12 மணி, இலவசக் கச்சேரி, படியில்லாத கூடம். நாற்காலி பாதிக்கு மேல் காலி. கல்லூரிப் பெண் ஒருத்தி தோடி பாடினாள். சின்னவன் தலையைச் சாய்த்து இடது காதை மேடைப் பக்கம் கொடுத்தான். மடங்கியே இருக்கும் விரல்கள் பிரிந்தன. பிசியோ அக்கா அரை மணி நேரம் நீவினால்தான் பிரியும்.

பாட்டு அவனை ஒன்றும் செய்யாது. கைதட்டல்தான். திடீர்ச் சத்தம் கேட்டால் உடம்பு தூக்கிப் போடும், கை இரண்டும் விரியும், அப்புறம் அழுகை நிற்காது. ஆனால் கச்சேரியில் கைதட்டல் சொல்லிவிட்டுத்தான் வருகிறது. மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனம் முடிகிற இடத்தில் கோர்வை. ஒரே அமைப்பு மூன்று தடவை. முதல் தடவை வந்ததும் அவன் பின்னால் போய் நின்றேன். இரண்டாவதில் கையைக் காதருகே கொண்டுபோனேன். மூன்றாவது முடியும்போது பொத்தினேன். தட்டினார்கள். அவனுக்குத் தூக்கிப் போடவில்லை.

கோர்வை என்ற பெயரே அத்தை சொல்லித்தான் தெரியும். கூடத்துக்குள் அத்தை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தொடையில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தார்.

டயபர் காரின் பின் சீட்டில்தான் மாற்றினோம். துப்பட்டாவைத் திரையாகப் பிடித்தபடி பெரியவள்.

டிசம்பர் 16, திங்கள்

மார்கழி 1. ஜாகிர் உசேன் போய்விட்டார். சின்னவனுக்குச் சோறு ஊட்ட வருஷக்கணக்காக அவர் தபலாதான். இன்றைக்கும் போட்டேன். வாயைத் திறந்தான், வாங்கிக்கொண்டான். எனக்குத்தான் தொண்டை அடைத்தது.

டிசம்பர் 17, செவ்வாய்

விடியற்காலை மயிலாப்பூர் மாட வீதி பஜனை. பாபநாசம் சிவன் பாடி நடந்த வீதி என்று அத்தை சின்னவன் காதில் சொல்லிக்கொண்டே வந்தார். நான்கு வீதியிலும் ஒரு படி கிடையாது. பள்ளம் உண்டு, மாட்டுச் சாணி உண்டு, அதெல்லாம் சமாளிக்கலாம். அவன் பெருங்குரலில் கத்தினான். யாரும் திரும்பவில்லை, அவர்களும் பெருங்குரலில்தான் பாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு மாமா ஜால்ராவை அவன் மடியில் வைத்துவிட்டு முன்னே நடந்தார்.

காது மடல் சில்லென்று இருந்தது. பசி. வெகுநாளைக்குப் பிறகு நல்ல பசி.

டிசம்பர் 21, சனி

டிக்கெட் வாங்கி ராத்திரிக் கச்சேரி. வாங்கியிருக்க வேண்டாம். வீல்சேர் வழியை மறைக்கிறது என்று கடைசியில் தூணுக்குப் பின்னால் தள்ளினார்கள். அத்தை தனியாக முன்னால். நிரவலின்போது அவனுக்கு ஆனந்தம் தாங்காமல் குரல் வந்தது. முன் வரிசையில் நாலு தலை திரும்பியது. ஒரு பையன் வந்தான். "மேடம், கொஞ்சம் வெளிய கூட்டிட்டுப் போறீங்களா?"

அதே நிரவலுக்கு எனக்கு முன்னால் இருந்தவர் "ஆஹா" என்று சத்தமாகத்தான் சொன்னார். இரண்டு செல்போன் அடித்தது. கேன்டீனுக்கு எழுந்து போனவர்களின் நாற்காலிச் சத்தம். என் பிள்ளை சொன்ன ஆஹா மட்டும் ஆகாது.

"நீங்களும் பாட்டியும் இருங்கம்மா, நான் இவன வெளிய பாத்துக்கறேன்" என்றாள் பெரியவள். பதிமூன்று வயது. எப்போதும் அவள்தான் வெளியே.

டிசம்பர் 22, ஞாயிறு

இனி எங்கேயும் போவதில்லை.

டிசம்பர் 23, திங்கள்

பிசியோ அக்கா, எங்களுக்கென்றே தனிக் கச்சேரி வைக்கச் சொல்லலாமே என்றார். லைட்டை மங்கவிடாமல், மைக்கைக் குறைத்து, எழுந்து நடமாடலாம், கத்தலாம். கேட்டதும் மனசு பறந்தது. அந்த மாதிரி ஒரு சாயங்காலம் கிடைத்தால் நிம்மதியாக மூச்சுவிடுவேன்.

ராத்திரி யோசித்தால் கோபம். அதுவும் ஒரு டிசம்பர் 3 ஆகிவிடும். அத்தை டிக் அடித்த பாடகர் அங்கே வருவாரா? இரண்டும் வேண்டும். தனியாகவும் வேண்டும், எல்லோரோடும் வேண்டும்.

டிசம்பர் 26, வியாழன்

பெரியவளும் நானும் மட்டும். எழும்பூர் மியூசியம். அவசரமில்லை, பை இல்லை, துண்டு இல்லை. கை வெறுமையாக இருந்தது ஒரு மாதிரி.

திருவாலங்காட்டு நடராஜர் முன்னால் நின்றவள், சட்டென்று குந்தி உட்கார்ந்தாள். "தம்பி உயரத்துல இருந்து பாத்தா முயலகன்தான்மா முதல்ல தெரியறான். சாமி அப்புறம்தான்." நானும் உட்கார்ந்து பார்த்தேன். உண்மைதான். இன்றைக்காவது அவனை மறந்துவிட்டு அவள் பார்க்கட்டும் என்றுதான் கூட்டி வந்தேன்.

டெல்லி தேசிய அருங்காட்சியகத்தில் தொட்டுப் பார்க்கவென்றே 'அனுபவ்' என்று ஒரு கூடம் இருக்கிறது என்று சொன்னேன். முக்கியமாகப் பார்வையில்லாதவர்களுக்காக. "தம்பி தொட்டா விடவே மாட்டானே" என்றாள். சிரித்தோம். வெளியே வந்து ஐஸ்கிரீம், அவளுக்கு இரண்டு.

டிசம்பர் 29, ஞாயிறு

திரும்பவும் போனோம். அதே மத்தியானக் கூடம். அந்த வாசல்காரருக்கு எங்களைத் தெரிகிறது. ஓர நாற்காலியை அவரே நகர்த்தினார். அத்தை அவன் பக்கத்தில்.

தனி. கோர்வை முதல் தடவை. எழுந்து பின்னால் போனேன். இரண்டாவது தடவை அவன் முகத்தைப் பார்த்தால், கண்ணை இறுக்க மூடிக்கொண்டான், தோளை மேலே தூக்கிக்கொண்டான். நான் தொடவே இல்லை. அவனுக்கும் தெரிந்துவிட்டது. மூன்றாவது முடிந்ததும் தட்டினார்கள். உடம்பு லேசாக ஆடியது, அழவில்லை. பிறகு ஒரு பெரிய ஆஹா. மிருதங்கப் பையன் நிமிர்ந்து எங்கள் பக்கம் பார்த்துத் தலையாட்டினான்.

காலி நாற்காலிகளுக்கு நடுவே இது முடிகிறது. நிறைந்த சபையில் எப்போது?

கேன்டீன். ரவா தோசை. அத்தை ஒரு விள்ளல் பிய்த்து அவன் வாயில் வைத்தார்.

ஜனவரி 2, வியாழன்

காரியதரிசியிடம் இருந்து போன். அந்த சனிக்கிழமை சபாதான். அன்றைக்கு நடந்ததைப் பற்றி நான் எழுதியிருந்த கடிதத்தைக் கமிட்டியில் வாசித்தார்களாம். அடுத்த சீசனுக்கு நடுவரிசையில் இரண்டு இடத்தில் ஜோடியாக நாற்காலியை எடுத்துவிடுவார்கள், வீல்சேரும் பக்கத்தில் வீட்டு ஆளும் உட்காருகிற மாதிரி. ரேம்புக்கு எஸ்டிமேட் கேட்டிருக்கிறார்களாம். வாசல் பையன்களுக்குச் சொல்லித் தர நான் வர முடியுமா என்றார். வருகிறேன் என்றேன்.

"டயபர் பெஞ்ச் மட்டும் கஷ்டம்மா, இடமில்ல."

இடம் இருக்கிறது. கைகழுவும் தொட்டிக்குப் பின்னால் உடைந்த நாற்காலிகள் அடுக்கியிருக்கிறார்கள், பார்த்தேன். ஆறடிக்கு இரண்டரை அடி போதும், ஒரு கதவு, ஒரு கொக்கி. இவரை வரைபடம் போடச் சொல்லியிருக்கிறேன். நாளைக்கு அனுப்பிவிடுவேன்.