இடக்காலுக்கு ஓய்வு

நாமக்கல் பகுதியில் லாரித் தொழிலோடு உறவில்லாத குடும்பம் அரிது. எம் தந்தையாரும் 35 ஆண்டுகள் லாரி ஓட்டியவர். கிளச்சை மிதித்து மிதித்து அவரது இடது முழங்கால் தேய்ந்துபோயிற்று. வண்டியோட்டாத வாழ்வு அவருக்குப் பெருஞ் சிறையாயிற்று. அவர்பொருட்டே, தானே கியர் மாற்றும் சிறு மோட்டார் வண்டியொன்றை யாம் தேடலானோம்.

முன்னாளில் இவ்வசதி பெரும்பாலும் செல்வர்க்கே உரியது. 2014-இல் மாருதியின் செலேரியோ அதனைச் சாமானியர் கைக்கெட்டச் செய்தது. 2016-இல் டிசையருக்கும் அது வந்தது. நான்கு மீட்டருக்குள் அடங்கும் சிறு வண்டிகட்கு 2006-இல் வரிச் சலுகை அளிக்கப்பட்டமையின், பின்னாளில் டிசையரின் வால் 3,995 மில்லிமீட்டரில் வெட்டுண்டது. அழகன்று, ஆயினும் விலை சகாயம்.

இதன் சூட்சுமம் யாதெனின், கியர்ப்பெட்டியும் கிளச்சும் பழையனவே. கையும் காலும் செய்த வேலையை மின்னாணைக்குட்பட்ட எண்ணெய் விசை செய்கின்றது. கியர் மாறுங்கால் வண்டி ஒரு கணம் தயங்கும். "புதுக் கிளீனர் கியர் போடுகிறானப்பா!" என்று தந்தையார் நகைத்தார்.

நிற்க. ஏற்காட்டுச் சாலையின் 20 கொண்டையூசி வளைவுகளையும் அவரே ஏறிக் கடந்தார். இறங்குங்கால் தானியங்கும் நிலையை நம்பாது, கோலைக் கைமுறைக்குத் தள்ளி, இரண்டாம் கியரிலேயே இறக்கினார். பிரேக்கை மட்டும் நம்பி மலையிறங்குபவன் டிரைவரே அல்லன் என்பது அவர் சித்தாந்தம். இடக்கால் மாத்திரம் வளைவுதோறும் இல்லாத கிளச்சைத் தேடி அசைந்துகொண்டேயிருந்தது.