"இல்லை" என்பதும் "காணப்படவில்லை" என்பதும்

எங்கள் ஆய்வுக்கூடத்து இளைய ஆய்வாளர் ஒருவர் தம் ஆய்வேட்டின் ஓர் இயலைப் படித்துப் பார்க்கத் தந்தார். தண்டவாள எஃகுத் துண்டுகளை மீயொலியால் சோதித்தது பற்றிய இயல் அது. "மாதிரியில் விரிசல் இல்லை" என்ற வரியை "விரிசல் காணப்படவில்லை" என்று திருத்தினேன். "ஒரு சொல்லில் என்ன இருக்கிறது, அண்ணா?" என்றார். அவருக்குச் சொன்னதையே சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

பொருளை அறுக்காமல் அதன் உள்ளே இருப்பதை அறிய உதவுவது மீயொலி. ஆய்வுமுனையிலுள்ள படிகம் அதிர்ந்து அலையை அனுப்புகிறது. வழியில் விரிசல் குறுக்கிட்டால், அதனுள் இருக்கும் காற்றைக் கடக்க இயலாமல் அலை ஏறக்குறைய முழுவதும் திரும்புகிறது. எஃகில் நெட்டலையின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 5,900 மீட்டர். ஆகவே திரும்ப எடுத்துக்கொண்ட நேரத்திலிருந்து ஆழத்தைக் கணக்கிடலாம்.

ஆனால் எதிரொலி நம்மை நோக்கித் திரும்ப வேண்டும். தண்டவாளத்தின் தலையிலிருந்து நேர்கீழாகச் செல்லும் கற்றை, கிடையாகப் படர்ந்த விரிசலை எளிதில் காட்டிவிடும். தலையின் குறுக்கே செங்குத்தாக வளரும் விரிசலோ அக்கற்றைக்குத் தன் விளிம்பை மட்டுமே காட்டும். தண்டவாளத்தை இரண்டாக முறிக்க வல்லது இவ்வகைதான். அதனால்தான் 70 பாகைச் சாய்வில் அலை அனுப்பும் ஆய்வுமுனைகளும் தேவைப்படுகின்றன. அவையும் எப்போதும் போதுமானவையல்ல: மேற்பரப்பை ஒட்டிய சிறு விரிசல்கள் அலையை முன்னதாகவே திருப்பிவிட்டால், கீழே வளரும் பெருவிரிசல் மறைந்துவிடும். அளவும் ஒரு தடை. 2 மெகா ஹெர்ட்சில் நெட்டலையின் அலைநீளம் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர். அதில் பாதிக்கும் சிறிய குறைகள் பெரும்பாலும் நம் கண்ணுக்குத் தப்பும்.

ஆகவே திரையில் எதிரொலி எழாதபோது நாம் அறிவது ஒன்றே: இந்தக் கோணத்தில், இந்த அதிர்வெண்ணில், இந்த உணர்திறனில் எதுவும் திரும்பி வரவில்லை.

மேசைமேல் கிடக்கும் மாதிரியில் ஐயம் எழுந்தால் அறுத்துப் பார்த்துவிடலாம். பாதையில் கிடக்கும் தண்டவாளத்துக்கு அந்த வாய்ப்பில்லை. அறிக்கையை நம்பித்தான் அடுத்த வண்டி அதன்மேல் ஓடுகிறது. "இல்லை" என்று எழுதிவிட்டால் வேறு கோணத்தில் மறுமுறை பார்க்க வேண்டும் என்ற எண்ணம் எவருக்கும் எழாது.

சோதனை அறிக்கை எழுதும் மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். "காணப்படவில்லை" என்பதோடும் நின்றுவிடாதீர்கள். எந்த ஆய்வுமுனை, என்ன அதிர்வெண், எந்தக் கோணம், எந்த அளவுத் துளையைக் கொண்டு கருவியைச் சரிபார்த்தீர்கள் என்பதையும் அதே பத்தியில் எழுதுங்கள். நீங்கள் பார்க்காத திசை எது என்பது, அடுத்துச் சோதிக்க வருபவருக்கு அப்போதுதான் தெரியும்.