சின்ன மேஜையும் பெரிய மேஜையும்

சீட்டுக் கட்டு என்ற வார்த்தையைக் கேட்டதும் நேயர்களில் பாதிப் பேர் முகத்தைச் சுளிப்பீர்கள். மீதிப் பேர், "ஒரு கை குறைகிறதா? இதோ வந்தேன்!" என்று நிமிர்ந்து உட்காருவீர்கள். இந்த இரண்டு கட்சியாருக்கும் பொதுவாக ஒரு விஷயம் சொல்லலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். நம் ஊர் ரம்மியைப் பற்றி அல்ல. அமெரிக்காவில் போக்கர் என்று ஒரு சீட்டாட்டம் இருக்கிறதே, அதைப் பற்றி. அந்த ஆட்டத்தில் சின்ன மேஜையிலிருந்து பெரிய மேஜைக்குப் படிப்படியாக ஏறிய ஒரு பெண்மணியைப் பற்றி.

அவர் பெயர் மரியா கொன்னிகோவா. 1984-ல் மாஸ்கோவில் பிறந்து, சிறு குழந்தையாக அமெரிக்காவுக்கு வந்தவர். மனோதத்துவத்தில் டாக்டர் பட்டம் வாங்கி, 'நியூ யார்க்கர்' பத்திரிகையில் எழுதியவர். அதாவது, என்னைப் போல ஒரு பத்திரிகைக்காரி! அந்த உறவைக் கொண்டாடித்தான் அவர் 2020-ல் எழுதிய புத்தகத்தைக் கையில் எடுத்தேன். அவர் ஆட்டம் கற்கப் புறப்பட்டபோது ஒரு கட்டில் எத்தனை சீட்டு என்றுகூடத் தெரியாதாம். நம் வீட்டு வாண்டுகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் 'ஐம்பத்திரண்டு' என்று சொல்லும்!

அப்படிப்பட்டவருக்கு ஏன் இந்த ஆசை? 2015-ம் வருஷம் அவர் குடும்பத்தில் அடி மேல் அடி விழுந்தது. திடமாக இருந்த பாட்டி இரவில் வழுக்கி விழுந்து இறந்து போனாள். அம்மாவுக்கு வேலை போயிற்று. கணவருக்கும் வேலை போயிற்று. அவருக்கே இன்னதென்று தெரியாத வியாதி வந்தது. இதில் எது நம் கையில் இருந்தது, எது தலைவிதி என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. நாமாக இருந்தால் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு ஜோசியரிடம் போயிருப்போம். அவர் சீட்டுக் கட்டை எடுத்துக்கொண்டு ஒரு குருவிடம் போனார். சதுரங்கத்தில் எல்லாக் காய்களும் கண்ணெதிரே இருக்கின்றன. போக்கரில் பாதி மறைந்திருக்கிறது. வாழ்க்கையும் அப்படித்தானே என்பது அவருடைய வாதம். உயிரோடு இருந்த இன்னொரு பாட்டிக்கு மட்டும் இந்த வாதம் பிடிக்கவேயில்லை. ஹார்வர்டில் படித்த பேத்தி சூதாடுவதா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாளாம். பாட்டிமார்கள் எந்த தேசத்திலும் பாட்டிமார்கள்தான்!

ஆட்டத்தை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு ரகசியமாகக் கிடைக்கும். மேஜை நடுவில் ஐந்து சீட்டுக்கள் எல்லாருக்கும் பொதுவாக விழும். நல்ல சீட்டு வந்தால் பணத்தை வைக்கலாம். வராவிட்டாலும் வந்ததுபோல் பாசாங்கு செய்து பணத்தை வைத்து எதிராளியைப் பயமுறுத்தலாம். பயந்தவர் சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகுவார். போட்டியாக நடக்கும்போது நுழைவுக் கட்டணம் கட்டி வில்லைகளை வாங்கிக்கொள்ள வேண்டும். வில்லை தீர்ந்தால் எழுந்து போக வேண்டும். நூறு பேர் சேர்ந்தால் பத்துப் பதினைந்து பேருக்குத்தான் பரிசு. அதிலும் பெரும்பங்கு முதல் இரண்டு மூன்று பேருக்கே.

அவர் தேடிப் பிடித்த குரு எரிக் சைடல். இந்த உலகத்தில் பெரிய ஜாம்பவான். ஆனால் வேடிக்கை பாருங்கள்: 1988-ம் வருஷ உலகப் போட்டியின் கடைசி ஆட்டத்தில் இவர் ஜானி சான் என்பவரிடம் தோற்ற காட்சியை, 1998-ல் வந்த 'ரவுண்டர்ஸ்' என்ற சினிமாவில் காட்டிவிட்டார்கள். வாழ்நாளெல்லாம் ஜெயித்தவரைச் சினிமா ரசிகர்கள் தெரிந்து வைத்திருப்பது அவர் தோற்ற ஒரு நாளை வைத்து! தோல்வியோடு குடித்தனம் நடத்தத் தெரிந்தவரே நல்ல வாத்தியார் போலும்.

சிஷ்யைக்கு ஒரே அவசரம். ஒரு வருஷத்துக்குள் லாஸ் வேகாஸ் நகரில் நடக்கும் உலகப் போட்டியில் உட்கார வேண்டும். அதற்கு நுழைவுக் கட்டணமே பத்தாயிரம் டாலர். குருவோ, கீழ்ப் படியில் ஜெயித்துக் காட்டினால்தான் மேல் படி என்றார். நியூ யார்க்கில் இணையத்தில் ஆடச் சட்டம் இடம் கொடுக்காததால், ஆற்றைத் தாண்டிப் பக்கத்து மாகாணத்துக்குப் போய், காப்பிக் கடையில் உட்கார்ந்து சில்லறைக் காசுக்கு ஆடிப் பழகினார். பிறகு லாஸ் வேகாஸில் மிகக் குறைந்த கட்டணத்தில் அன்றாடம் நடக்கும் சின்னப் போட்டிகள். அவற்றில் தேறிய பிறகுதான் பெரிய மேஜை.

சின்ன மேஜைக்கும் பெரிய மேஜைக்கும் பணத்தில் மட்டுமா வித்தியாசம்? இதைப் படித்தபோது எனக்கு என் அத்தையின் ஞாபகம் வந்தது.

எங்கள் குடும்பத்து ரம்மி ராணி என் அத்தை. கல்யாண மண்டபமானாலும் சரி, வளைகாப்பானாலும் சரி, பந்தி முடிந்து ஜமக்காளத்தை விரித்தால் புளியங்கொட்டையெல்லாம் அத்தையின் மடியில்தான். ஒருமுறை ஒரு மாதர் சங்கத்தில் ரம்மிப் போட்டி வைத்தார்கள். கட்டணம் இருநூறு ரூபாய். முதல் பரிசு வெள்ளிக் குங்குமச் சிமிழ். அத்தை பட்டுப் புடவை கட்டிக்கொண்டு போனாள். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்துவிட்டாள்.

"என்ன அத்தை, சிமிழ் எங்கே?" என்றேன்.

"அங்கே யாரும் எனக்கு மருமாளும் இல்லை, நாத்தனாரும் இல்லையடீ!" என்றாள் அத்தை.

எவ்வளவு பெரிய உண்மை! வீட்டு ஜமக்காளத்தில் அவள் முதல் சீட்டை எடுப்பதற்குள் பாதிப் பேர் மரியாதையாக 'ஸ்கூட்' சொல்லிவிடுவோம். அத்தை கைக்கு ஜோக்கர் வந்தால் வளையல் சத்தம் நின்றுவிடும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரி ஆடுவோம். சங்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்த தாட்சண்யம் கிடையாது. சின்ன இடத்தில் நமக்குக் கிடைக்கும் வெற்றியில் நம் சாமர்த்தியம் எவ்வளவு, மற்றவர்களுடைய அன்போ அசட்டையோ எவ்வளவு என்பது பெரிய இடத்துக்குப் போகிற வரையில் தெரியாது.

வளையலைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? அதற்கு விஞ்ஞான ஆதாரமே உண்டு. 2013-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், உலகப் போட்டியில் ஆடியவர்களின் படச் சுருள்களைக் கல்லூரி மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். முகத்தை மட்டும் பார்த்தவர்களால் யாரிடம் நல்ல சீட்டு என்று கண்டுபிடிக்க முடியவில்லை. வில்லையை நகர்த்தும் கையை மட்டும் பார்த்தவர்களுக்கு ஓரளவு தெரிந்துவிட்டது! முகத்தை அடக்கலாம், கை காட்டிக் கொடுத்துவிடும். சின்ன மேஜையில் அவரவர் தம் சீட்டைத்தான் பார்க்கிறார்கள். பெரிய மேஜையில் அடுத்தவர் கையைப் பார்க்கிறார்கள்.

அங்கேதான் மரியா அம்மாளுக்கு ஒரு விஷயம் புரிந்தது. எதிரே இருக்கும் ஆண் உரத்து ஒரு பெரிய தொகையை வைத்தால், தம்மிடம் சுமாரான சீட்டு இருந்தாலும் பதவிசாகக் கவிழ்த்துவிட்டு விலகிக்கொண்டே இருந்தார். சண்டை வேண்டாம், கெட்ட பெயர் வேண்டாம் என்ற பழக்கம். மேஜைக்கு வெளியிலும் தாம் அப்படித்தான் இருந்து வந்தோம் என்பதையும் அங்கேதான் உணர்ந்தார். நேயர்களே, இந்த இடத்தைப் படித்ததும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டத்தில் பேச வாயெடுத்து, யாரோ குரலை உயர்த்தியதும், "சரி, நீங்களே சொல்லுங்கள்" என்று விட்டுக் கொடுக்காத பெண் நம்மில் யார்?

குரு கற்றுக் கொடுத்த இன்னொரு பாடம் புலம்பல் கூடாது என்பது. இரண்டு ஆஸ்தான் இந்த ஆட்டத்தில் மிக உயர்ந்த ஆரம்பக் கை. 221 தடவைக்கு ஒரு தடவைதான் வரும். எதிராளியிடம் இரண்டு ராஜா இருந்தால், ஆஸ்காரர் ஐந்தில் நான்கு தடவைக்குச் சற்று அதிகமாகவே ஜெயிப்பார். அப்படியானால் ஐந்து ஆறு தடவைக்கு ஒரு தடவை தோற்கத்தான் செய்வார். அன்றைக்கு, "ஐயோ, என் தலையெழுத்தே!" என்று சிஷ்யை ஆரம்பித்தால் குரு காது கொடுப்பதில்லை. என்ன யோசித்தாய், ஏன் அப்படி ஆடினாய், அதை மட்டும் சொல் என்பார். முடிவு சரியா என்பது ஒரு கேள்வி. முடிவின் பலன் நமக்குச் சாதகமா என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்கள், தற்செயலாக ஜெயித்த நாளில் தலைகால் தெரியாமல் ஆடி அடுத்த வாரமே ஓட்டாண்டியாகிறார்கள்.

2017 ஜூலையில் ஆசைப்பட்டபடியே உலகப் போட்டியில் உட்கார்ந்தார். நடந்தது என்ன? ஒற்றைத் தலைவலி வந்து, வாந்தியெடுத்து, குளியலறைத் தரையில் சுருண்டு கிடந்தார். ஆள் இல்லாவிட்டாலும் ஆட்டம் நிற்காது. முறை வரும்போதெல்லாம் கட்டாயப் பந்தயம் அவருடைய வில்லைகளிலிருந்து கரைந்துகொண்டே போகும். பரிசு எதுவும் வாங்காமல் திரும்பினார். ஆறு மாதம் கழித்து, 2018 ஜனவரியில், பஹாமாஸ் தீவில் 1,650 டாலர் கட்டணமுள்ள ஒரு போட்டியில் முதலாவதாக வந்தார். பரிசு 84,600 டாலர். இரண்டு நாளும் அவர் அதே மரியாதான். அதனால்தான் ஒரு நாளை வைத்து யாரையும் எடை போடக்கூடாது என்கிறேன்.

"இவ்வளவு படி ஏற வேண்டுமா? ஒரே தாவாகத் தாவியவர் இல்லையா?" என்று கேட்பீர்கள். இருக்கிறார். டென்னஸியைச் சேர்ந்த கணக்காளர் ஒருவர் இணையத்தில் 86 டாலர் கட்டித் தகுதி பெற்று, 2003-ல் உலகப் போட்டியை ஜெயித்து, 25 லட்சம் டாலர் வாங்கினார். அவர் பெயரே கிறிஸ் மணிமேக்கர். நம் பாஷையில் சொன்னால் 'பணம் பண்ணுகிறவர்'. கற்பனையல்ல, பிறவியிலேயே வந்த குடும்பப் பெயர்! அந்த வருஷம் ஆடியவர்கள் 839 பேர். அடுத்த வருஷம் 2,576 பேர் வந்து குவிந்தார்கள். தாவி ஜெயித்த ஒருவரின் பெயர் நமக்குத் தெரியும். தாவி விழுந்தவர்களின் பெயரை யார் எழுதி வைத்தார்கள்?

பெண்களின் கதை இன்னும் மெதுவானது. அந்த உலகப் போட்டியின் கடைசி மேஜையில் முதன்முதலாக உட்கார்ந்த பெண் பார்பரா என்ரைட். 1995-ல் ஐந்தாவதாக வந்தார். அடுத்த பெண் அந்த மேஜைக்கு வர முப்பது வருஷம் ஆயிற்று. 2025-ல் ஸ்பெயின் தேசத்து லியோ மார்கெட்ஸ் ஏழாவதாக வந்தார். முப்பது வருஷமும் பெண்களுக்குச் சீட்டு மட்டுமா மோசமாக விழுந்திருக்கும்? நூறு பேர் உட்காருகிற இடத்தில் பெண்கள் நான்கைந்து பேர்தான் என்றால், கடைசி மேஜைக்கு யார் வருவார்கள்?

இதற்காக நாளைக்கே சீட்டுக் கட்டோடு கிளம்பிவிடாதீர்கள்! பணம் வைத்து ஆடுவது நம் பக்கத்தில் எத்தனை வீடுகளைக் கெடுத்திருக்கிறது என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கைத் தொலைபேசி ரம்மியில் மாதச் சம்பளத்தையும் மனைவியின் நகையையும் விட்டவர்கள் எத்தனை பேர்! 2022-ல் தமிழ்நாட்டில் ஒரு தடைச் சட்டம் வந்தது, வழக்குகள் நடந்தன. 2025 ஆகஸ்டில் பார்லிமெண்டே பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை நாடு முழுவதற்கும் தடை செய்து சட்டம் இயற்றியது. அந்தத் தொலைபேசி மேஜையில் குரு இல்லை. 'கீழ்ப் படியில் முதலில் தேறு' என்று சொல்ல ஆள் இல்லை. நடு ராத்திரியில் தோற்றவர் கண்ணெதிரே அடுத்த பெரிய மேஜை எப்போதும் திறந்தே இருந்தது. அமெரிக்க அம்மாளின் கதையில் நான் மெச்சுவது அவர் வாங்கிய பரிசை அல்ல. கீழ்ப் படியில் ஆடிப் பழகிப் படிப்படியாக ஏறியதையும், முடிவு வேறு, பலன் வேறு என்று பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டதையும்தான். கைமுதல் குறைந்தால் வெட்கப்படாமல் ஒரு படி கீழே இறங்கி ஆடுவது அந்தத் தொழிலில் நல்ல ஆட்டக்காரர்களின் வழக்கம். பரமபதத்தில் பாம்பு கடித்தால்தான் இறங்குவோம். இவர்கள் பாம்பின் வாயைப் பார்த்ததுமே தாமாக இறங்குகிறார்கள்.

முடிவையும் பலனையும் பிரித்துப் பார்க்கும் பாடத்தை மட்டும் நானும் எடுத்துக்கொண்டு, அதற்கென்று ஒரு நோட்டுப் போட்டேன். சென்ற வருஷம் எங்கள் காரியாலயத்தில் சம்பள உயர்வு பேசும் நாள் வந்தது. முதல் நாள் இரவே உட்கார்ந்து என் வேலையைக் கணக்கிட்டு, கேட்க வேண்டிய தொகையை எழுதி, அதற்குக் கீழே, 'மறுத்தால் அழக்கூடாது. காரணம் கேட்க வேண்டும்' என்றும் எழுதி வைத்தேன். மறுநாள் தொகையைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அந்த அரை நிமிஷ மௌனம் இருக்கிறதே, அது சாமான்யமானதல்ல! கைகள் காட்டிக் கொடுத்துவிடப் போகிறதே என்று புடவைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டேன். கேட்டதில் பாதிதான் கிடைத்தது. நோட்டில் பலன் என்ற இடத்தில் 'பாதி' என்றும், முடிவு என்ற இடத்தில் 'சரி' என்றும் எழுதினேன்.

வீட்டில் ஊறுகாய் போட்டு விற்கிறவர் கடைத் தெருவுக்குப் போகும்போதும், நவராத்திரி கொலுவில் பாடுகிற பெண் சபா மேடை ஏறும்போதும் இதே படிகள்தான். சின்ன இடத்தில் கிடைத்த கைதட்டலில் நம்முடையது எவ்வளவு என்று கணக்குப் பாருங்கள். தோற்றால் சமையலறை அலமாரி காலியாகாத அளவுக்கு மட்டும் பணயம் வையுங்கள். அதன் பிறகு, எதிரே எவ்வளவு உரத்த குரல் கேட்டாலும், உங்கள் கையில் இருக்கும் சீட்டு நல்ல சீட்டானால், தயவுசெய்து அதைக் கவிழ்க்காதீர்கள்.